பதினாலு தடவை செத்த லீவு டீச்சர்

எளாவூர் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் வெங்காய லாரி கவிழ்ந்தது ஞாபகம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் சட்டென்று பிடிபடும். சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம். மூன்று நாள் ரோடு முழுக்க வெங்காயம் உருண்டு கிடந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும் எந்த வீட்டைத் தாண்டினாலும் பஜ்ஜி வாசனை. எங்கள் வீட்டில் ஒரு மாசம் வெங்காய சாம்பார்தான். அப்புறம் வெங்காயத்தைக் கண்டாலே எனக்குக் கண்ணீர் வரும், உரிக்காமலே. எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வெங்காய வாரத்தில்தான் லீவு டீச்சர் முதல் தடவையாகச் செத்துப்போனார்.

செத்துப்போனவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். இந்த வயதில் உயிரோடு இருப்பவர்களைவிட அவர்களைத்தான் அதிகம் தெரியும். ஆனால் ஒரே வாரத்தில் மூன்று கம்பெனியில் செத்துவிட்டு, அந்த வாரம் சனிக்கிழமையே ஸ்டேஷன் ரோட்டில் நின்று முருங்கைக்கீரைக்குப் பேரம் பேசியவர் இந்த பூமியில் லீவு டீச்சர் ஒருத்தர்தான்.

நான் அப்போது ஒரு ரோலிங் மில்லில் கேட் வாட்ச்மேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் மாடு கட்டியதோடு என் படிப்பு முடிந்தது. நம்பர் மட்டும் படிப்பேன். உள்ளே வந்த லாரி, வெளியே போன லாரி எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்து சாயங்காலம் கிளார்க்கிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். நடுவில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள், அதனால் அங்கங்கே விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் எங்கள் பக்கத்து வீடு. ஊர் ஆரம்பப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குள்ளமான உருவம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்துபோய், அதற்குப் பதில் நூல் கட்டியிருப்பார். நடந்தால் பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கும். அவரிடம் அஞ்சாவது வரைக்கும் படித்தவர்கள்தான் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் பாதிப் பேர். அவர்களுடைய அப்பா அம்மா எல்லாம் கழனி வேலை செய்தவர்கள். பிள்ளைகள் இரும்பு உருக்குவது, பெயிண்ட் கலக்குவது என்று போய்விட்டார்கள். சுத்தியலைப் பிடித்த கைக்குப் பேனா பிடிக்க வரவில்லை. அதனால் கம்பெனிக்கு லெட்டர் எழுத வேண்டுமானால் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

வெங்காய வாரத்தில் அப்படி வந்தவன் ஏழுமலை. எங்கள் மில்காரன். ஆறடி ஆள், டீச்சர் முன்னால் மட்டும் நாலடியாகிவிடுவான். நான் அப்போது டீச்சர் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன், அவர் கொடுத்த காப்பியோடு.

"டீச்சர், ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடுங்க. பாட்டி செத்துட்டாங்கன்னு."

"உம் பாட்டி போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆவுதேடா. நானே மாலை வாங்கினு வந்தேனே."

"வேற இன்னா டீச்சர் எழுதறது? ஊட்டுக்காரிய பொன்னேரில பிரசவத்துக்குச் சேத்துக்கீறேன். பிரசவம்னு லீவு கேட்டா, நீயாடா பெக்கப்போறேன்னு கேக்கறாரு சூப்பர்வைசர். சாவுன்னாதான் கேள்வி கேக்காம உடறாங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்றால் கண்ணாடி சுத்தமாகிவிடும்.

"செத்தவங்கள மறுபடியும் சாவடிக்கக்கூடாது. உயிரோட கீறவங்கள அவங்களக் கேக்காம சாவடிக்கக்கூடாது."

"அப்ப யாரத்தான் டீச்சர் சாவடிக்கறது?"

"என்னை சாவடி."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் காப்பியைப் பார்த்தேன்.

"எஞ் சாவு என் சொந்தம்டா. அத யாருக்குக் குடுக்கணும்னு நான் முடிவு பண்ணிக்கறேன். அஞ்சு வருஷம் உனக்கு மூக்கு சிந்தி உட்டுக்கீறேன். பாட்டின்னு எழுதறதுல இன்னா தப்பு? செத்துட்டேன்னு எழுதறதும் பொய் இல்ல. எப்பிடியும் சாவத்தான் போறேன். தேதி மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன."

தாளை எடுத்தார். ஸ்கேல் வைத்து ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். அப்புறம் எழுத ஆரம்பித்தார். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் டீச்சர் எழுத்தை ஆயிரம் தாளுக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவேன். சிவப்புக் கோடு, அதற்குப் பக்கத்தில் நாற்று நட்ட மாதிரி வரிசை. ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டாது.

தன்னுடைய சொந்தப் பெயரையே எழுதினார். பெயரை மாற்றினால் அது பொய்யாகிவிடுமாம்.

எழுதி முடித்ததும் ஏழுமலையைப் படிக்கச் சொன்னார். படிக்காமல் யாரும் லெட்டரை எடுத்துப்போக முடியாது, அதுதான் அவர் வாங்கும் கூலி. ஏழுமலை எழுத்துக்கூட்டிப் படித்தான். "என் பாட்டி அவர்கள் இன்று அதிகாலை இ... இய... இயற்கை..." என்று திணறினான்.

"எய்தினார். மறுபடி படி."

படித்தான்.

"செத்துக்கீறது நானு. கொஞ்சம் துக்கமா படிடா."

மறுநாள் அந்த லெட்டர் கேட்டில் என் கைக்கு வந்தது. நான் மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர். கறாரான ஆள், ஆனால் மரியாதை தெரிந்தவர். யார் வீட்டில் சாவு என்றாலும் எழுந்து நின்றுதான் கையெழுத்துப் போடுவார்.

"அய்யோ பாவம். தாத்தா, உங்க தெருவா இந்தம்மா?"

"ஆமா சார். பாவம் சார்."

அதுதான் நான் சொன்ன முதல் பொய். அன்று சாயங்காலம் ஏழுமலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. செத்துப்போன டீச்சரே பொன்னேரிக்குப் போய்க் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார்.

அப்புறம் இது தொழிலாகவே ஆகிவிட்டது. பெயரும் அப்போது வந்ததுதான். அதற்கு முன்னால் அவர் வெறும் டீச்சர். குழந்தைக்குக் காது குத்து, தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாடு கன்று போடுகிறது, எதற்கும் லீவு கிடையாது. ஆனால் சாவுக்கு உண்டு. எல்லாரும் டீச்சர் வாசலுக்கு வந்தார்கள். காரணம் நியாயமாக இருந்தால் டீச்சர் செத்துக்கொடுப்பார். சினிமாவுக்குப் போவதற்காக ஒருத்தன் வந்தான். "உனக்கோசரம் எனக்குத் தலவலிகூட வராது, போடா" என்று துரத்திவிட்டார்.

சட்டதிட்டம் வேறு. ஒரே நாளில் ரெண்டு கம்பெனியில் சாகமாட்டார். சுவரில் தொங்கும் மாசக் காலண்டரில், செத்த தேதிகளில் சின்னதாக ஒரு சுழி போட்டு வைப்பார். என்ன வியாதியில் சாவது என்பதில் ரொம்பக் கறார். ஒருத்தன் சர்க்கரை வியாதி என்று எழுதச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "எனக்கு இன்னா சுகரா கீது? இத்தினி வயசுக்கு மூணு லட்டு துன்றேன். வேற எதாச்சும் நல்ல வியாதியா சொல்லு." ஒரு தடவை மஞ்சள்காமாலை. ஒரு தடவை மாடு முட்டி. அந்த மாட்டு லெட்டரைப் படித்த எங்கள் மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த மாடு தாத்தா?" என்று என்னைக் கேட்டார். "எங்க மாடுதான் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மாட்டைக் கட்டிப்போட்டு வளர்க்கச் சொல்வார்.

டீச்சருக்கு ஒரு மகள், திருநின்றவூரில் குடித்தனம். தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவள். பெயிண்ட் கம்பெனியில் வேலை செய்யும் யாரோ ஒருவருடைய மச்சான், அந்த ரயிலில் மகளைப் பார்த்துவிட்டு, "அம்மா போய்ட்டாங்களாமே" என்று துக்கம் விசாரித்துவிட்டான். அந்தப் பெண் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ரெண்டு ரயில் மாறி, தலைவிரிகோலமாக அழுதுகொண்டே எங்கள் தெருவுக்கு ஓடிவந்தது. வாசலில் டீச்சர் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அழுவாதடி. அது பெயிண்ட் கம்பெனிக்கு."

"இன்னாம்மா சொல்ற?"

"மொகத்தக் கழுவினு வா. சூடா ரெண்டு முறுக்கு துன்னு."

மகள் அன்றைக்கு அம்மாவோடு போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டது. "அபசகுனமா எதையாவது செஞ்சிக்கினே இருக்கியே, எனக்கு ஒரே ஒரு அம்மாதான் கீறே, உனக்குத் தெரியாதா" என்று கத்தினாள். டீச்சர் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பெண் அம்மா மடியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நாற்பது வயசுப் பெண். கடைசி ரயிலையும் விட்டுவிட்டது.

இன்னொரு கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் நல்ல மனுஷன். தன்னிடம் வேலை செய்கிறவனின் பாட்டி செத்துப்போனதைக் கேட்டு, பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். டீச்சரே போய்க் கதவைத் திறந்தார்.

"சாவு வீடு இதானேம்மா?"

"இதாங்க. உள்ள வாங்க."

"யாரும்மா தவறினது?"

எழுத்தில் வேண்டுமானால் தேதியை முன்னப்பின்ன போடுவாரே தவிர, வாயால் பொய் சொல்ல டீச்சருக்கு வராது. "நான்தான்" என்றார்.

அந்த மனுஷன் மாலையோடு அப்படியே நின்றுவிட்டார். டீச்சர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பாதிக் காப்பியில் அவருக்குப் பேச்சு திரும்பியது. "ஏம்மா இப்படி?" என்றார்.

"அந்தப் பையனோட கொழந்தைக்கு ஜன்னி, தம்பி. உங்க கம்பெனில உயிர் பொழைக்கறதுக்கு லீவு கெடையாது. உயிர் போனாதான் லீவு. உங்களுக்கு ஒரு சாவு வேணும், எங்கிட்ட ஒண்ணு இருந்திச்சி, குடுத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். மாலையைச் சாமிக்கும் போடமுடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. என் ஆட்டுக்குப் போட்டார் டீச்சர். அது ரெண்டு நாள் சாமந்திப் பூவாகவே தின்றது.

இவ்வளவு பேருக்கும் செத்தவர், ஒருத்தனுக்கு மட்டும் கடைசிவரைக்கும் எழுதித் தரவில்லை. சொந்தப் பேரன் தேவாவுக்கு.

டீச்சருடைய மகன் சின்ன வயதிலேயே போய்விட்டான். அவன் பிள்ளைதான் தேவா. தூளியிலிருந்து டீச்சர்தான் வளர்த்தார். அவனும் எங்கள் மில்லில்தான் கிரேன் ஓட்டினான். நண்பன் கல்யாணத்துக்கு ஒரு தடவை கேட்டான்.

"ஊருக்கெல்லாம் சாவறே, எனக்கு ஒரு வாட்டி செத்தா இன்னா பாட்டி?"

"மாட்டேன்."

"ஏன்?"

"எல்லாருக்கும் எழுதிக் குடுத்தது காய்தம். உனக்கு ஒண்ணு நெசமா கீது. அத வீணாக்காத."

அவன் முகம் விழுந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போகவில்லை.

இப்படியே நாலைந்து வருஷம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். என் வீட்டுக்காரி ஷேர் ஆட்டோவில் வந்து மில் கேட்டில் இறங்கினாள். சாப்பாட்டுத் தூக்கு இல்லை. கையை வீசிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர் போய்ட்டாங்க" என்றாள்.

நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "யாருக்கு எழுதிக் குடுத்தாங்க?" என்றேன்.

லாரி நிற்கும் இடத்தில் அந்த இரும்புத் தூளிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வியாதி ஒன்றும் இல்லை. நல்ல வியாதியாகத் தேடிக்கொண்டிருந்தவர் வியாதியே இல்லாமல் போய்விட்டார்.

தேவா கிரேன் மேலே இருந்தான். ரெண்டு மணிக்கு அவன் ஷிப்டு முடிய வேண்டும். ஆனால் மாற்று ஆள் வரமாட்டான் என்று அன்றைக்கு அவனுக்கு டபுள் ஷிப்டு போட்டிருந்தார்கள். இறங்க ராத்திரி பத்தாகிவிடும். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று தெருவில் சொல்லிவிட்டார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் கிரேனில் உட்கார்ந்து இரும்பு தூக்கிக்கொண்டிருக்கிறான். மேனேஜர் சொல்லாமல் அவனைக் கீழே இறக்க யாராலும் முடியாது.

மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"சார், தேவாவ எறக்கி உடணும் சார். அவங்க பாட்டி போய்ட்டாங்க. எங்க தெரு டீச்சர்."

மேனேஜர் எழுந்து நிற்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். ஒரு பெயரைப் படித்தார்.

"இவங்கதானே?"

"இவங்கதான் சார்."

"ஐப்பசில செத்தாங்க. ஆடில செத்தாங்க. போன வருஷம் ரெண்டு தடவ. மாடு முட்டி ஒரு தடவ." விரலை நக்கி நக்கித் தாளைப் புரட்டினார். "பதினாலு. போன மாசம் ஆடிட்டுக்கு எடுத்தப்பதான் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ எதிர்ல நின்னு ஆமா சார், பாவம் சார்னு சொன்னே. பொய்யா தாத்தா?"

"பொய்தான் சார்."

"இப்ப?"

"இப்ப நெசம் சார்."

"நான் எப்படி நம்பறது?"

வயசான காலத்தில் வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பையன் மேலே இருக்கிறான், அவனுக்கு இன்னும் தெரியாது. நான் சொன்ன பதினாலு பொய்யும் சேர்ந்து அவன் வழியில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. மேஜை மேல் அந்தத் தாள்கள் கிடந்தன. சிவப்புக் கோடு, சிவப்புக் கோடு, சிவப்புக் கோடு.

"சார், அந்தப் பதினாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாருங்க சார்."

வைத்தார். பார்த்தார். "எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கு."

"டீச்சர் கையெழுத்து சார். அவங்க சாவ அவங்களேதான் எழுதுவாங்க."

மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கி நான் வெறுங்கையோட வந்துக்கீறேன் சார். லெட்டர் இல்ல. எழுத ஆளு இல்ல சார்."

அவர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அப்புறம் எழுந்து நின்றார். போனை எடுத்து, "கிரேன நிறுத்து" என்றார்.

தேவா ஏணியில் இறங்கி வந்தான். கீழே நின்ற என்னைப் பார்த்தான். "பாட்டி" என்றேன். அவனுக்கு மட்டும் இது காய்தமாக இருக்க முடியாது என்று தெரியும். கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தான்.

மேனேஜர் தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். "பதினாலு தடவ வருத்தம் தெரிவிச்சிருக்கேன் தாத்தா. ஒரு தடவையாவது அவங்க முகத்தப் பாக்கணும்ல" என்றார்.

தெருவில் கால் வைக்க இடமில்லை. ரெண்டு மணி ஷிப்டு முடித்துவிட்டு எல்லாக் கம்பெனிக்காரர்களும் குளிக்காமல்கூட வந்திருந்தார்கள். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் பச்சையும் நீலமுமாக நின்றார்கள். திருநின்றவூர் மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவளை அழாதே என்று சொல்ல ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில் வயசானவர்கள் போனால், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். குச்சியில் துணி சுற்றி, நெய்யில் நனைத்துக் கொளுத்தி, பாட்டியைச் சுற்றி வருவார்கள். சடங்கு செய்யும் பெரியவர் துணியைக் கிழித்துக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"பேரன் எத்தினி பேரும்மா?"

"ஒருத்தன்தான் நைனா. தேவா."

அப்போது ஏழுமலை முன்னால் வந்தான். "நானும் பேரன்தான்" என்றான்.

"நீ எப்பிடிடா பேரன்?"

"கம்பெனில கேட்டுப் பாரு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறேன்."

"நானுந்தான்" என்று பின்னால் ஒருத்தன். "நானு" என்று இன்னொருத்தன். பச்சைக்காரன், நீலக்காரன், இரும்புக்காரன் என்று ஒவ்வொருத்தனாக வந்து வரிசையில் நின்றான். பெரியவருக்குத் தலை சுற்றிவிட்டது. "இன்னாடா பேஜாராப் போச்சி, யார்ரா சாட்சி?" என்றார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எங்கள் மேனேஜர் குரல் வந்தது. "நான் சாட்சி. எங்க மில்லுல பதினாலு பேரு. எழுத்துல இருக்கு. ஃபைல் என்கிட்ட இருக்கு."

அதற்கு மேல் பெரியவரால் என்ன சொல்ல முடியும்? துணி போதவில்லை. ஆளாளுக்குத் தன் துண்டைக் கிழித்தார்கள். வீட்டு நெய் தீர்ந்துபோய், டீக்கடைக்காரர் டால்டா டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தேவா முன்னால் போனான். அவன் பின்னால் தெரு முழுக்க மீசை வைத்த பேரன்கள், பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, பிடிக்கத் தெரியாமல் ஒருத்தன் முடியை ஒருத்தன் கருக்கிக்கொண்டு, டீச்சரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வெய்யில் இருக்கும்போதே எடுத்துவிட்டோம்.

சொல்ல வந்தது இதுதான். அப்போது எங்கள் பக்கம் வேலை பார்த்தவர்கள் பல பேர் அப்புறம் எங்கெங்கோ போய்விட்டார்கள். சில பேர் திருப்பூரில், சில பேர் துபாயில் இருப்பதாகக் கேள்வி. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். இதைப் படிக்கிற நீங்கள் யாராவது, கவரைப்பேட்டைப் பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்தேன் என்று சொல்லும் ஆளைப் பார்த்தால், லீவு டீச்சர் நிஜமாகவே போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள். முதலில் சிரிப்பான். சிரித்து முடிக்கட்டும். அப்புறம் மறுபடியும் ஒரு தடவை சொல்லுங்கள், கொஞ்சம் பக்குவமாக.